ஹீலியத் தொட்டியா, பல்ஸ் டியூபா? தாழ்வெப்ப எஸ்டிஎம்முக்கு எது தோது

சிங்கப்பூரில் ஹீலியக் கிணறு கிடையாது. ஒவ்வொரு லிட்டரும் இறக்குமதிதான். ஆகவே தாழ்வெப்ப எஸ்டிஎம் (கூர்நுனியால் அணுக்களைப் படமெடுக்கும் நுண்ணோக்கி) கட்ட இறங்குபவர்கள், அடைபட்ட ஹீலிய வாயுவையே திரும்பத் திரும்ப அழுத்தி விரித்துக் குளிரூட்டும் மூடிய சுழற்சிப் பல்ஸ் டியூபையே முதலில் நினைக்கிறார்கள். கட்டடத்தில் ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பப் பிடிக்கும் மீட்புக் குழாய் இருந்தால், திரவ ஹீலியம் நிரப்பிய தொட்டிதான் எங்கள் தேர்வு.

தொட்டியின் பலம் அதன் அமைதி. 4.2 கெல்வினில் கொதிக்கும் ஹீலியத்தால் பெரிய ஆட்டம் வராது. வெளியுறையிலுள்ள திரவ நைட்ரஜனின் குமிழிகள்தான் படத்தில் கோடாக விழும். பம்ப் வைத்து உறிஞ்சி 63 கெல்வினுக்குக் கீழே உறைய வைத்தால் அடங்கிவிடும். 1 வாட் வெப்பம் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் ஹீலியத்தை ஆவியாக்கும். 0.1 வாட் உள்ளே கசிந்தாலே 10 லிட்டர் தொட்டி மூன்று நாளில் காலி. புள்ளிக்குப் புள்ளி அளந்து ஒரு வாரம் ஓடும் நிறமாலை வரைபடத்துக்கு இது போதாது. நிரப்பும்போது வெப்பம் நகர்ந்து, பார்த்த அணு கைநழுவும்.

பல்ஸ் டியூப் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். ஆனால் நொடிக்கு 1.4 முறை துடிக்கும். நுனி 1 ஆங்ஸ்ட்ரம் (100 பிக்கோமீட்டர்) நகர்ந்தால், நுனிக்கும் மாதிரிக்கும் இடையே பாயும் டனல் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்து மடங்கு மாறும்; 1 பிக்கோமீட்டருக்கே 2 விழுக்காடு. 'சுருள்வில்லில் தொங்கவிட்டால் போதும்' என்பது இங்கே பலிக்காது. 25 செ.மீ. இழுபடும் வில்லின் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ், அது 1.4 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். துடிப்பு சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. காப்பாற்றுவது, நுனியைத் தாங்கும் ஸ்கேனர் தலையின் விறைப்பு. தலையின் ஒத்ததிர்வு 3 கிலோஹெர்ட்ஸானால், 1 மைக்ரான் ஆட்டம் நுனிக்கும் மாதிரிக்கும் இடையே 0.2 பிக்கோமீட்டராகச் சுருங்கும். பிறகு மிஞ்சுவது சில நூறு ஹெர்ட்ஸிலுள்ள மேலதிர்வுகள். அவற்றை வில் தடுக்கும்.

குளிரைக் கொண்டுவரும் செப்புப் பின்னலே அதிர்வையும் கொண்டுவரும். தடித்தால் ஆட்டம், மெலிந்தால் வெப்பம். பின்னலுக்குப் பதில் இடையில் ஹீலிய வாயுவும் ரப்பர் பெல்லோஸும் (மடிப்புக் குழாய்) வைப்பது மேல். அந்த வாயு எப்போதும் வெளியழுத்தத்தைவிடச் சற்று மேலே இருக்கட்டும். குறைந்தால் நம் ஈரக்காற்று உள்ளே புகுந்து பனிக்கட்டியாகி, பல்ஸ் டியூபின் குளிர்த்தலையையும் எஸ்டிஎம் இருக்கும் கிரையோஸ்டாட்டையும் (குளிர்க்கலன்) ஒட்டவைத்துவிடும். படம் திடீரென நடுங்கினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

பல்ஸ் டியூபின் கம்ப்ரஸரை அடுத்த அறையில் வையுங்கள். பல கிலோவாட் இழுக்கும் அதைக் குளிர்விக்கும் நீர், அறையின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) கீழே போனால் குழாய் வேர்த்து மின்பெட்டிமேல் சொட்டும்.