பார்த்தீனியம் அகற்றும் சேவை: எங்கள் அனுபவம்

கோவையில் எங்கள் காலி மனையில் மண்டியிருந்த பார்த்தீனியத்தை அகற்றிய களையெடுப்புக் குழுவினரின் பணி மனநிறைவளித்தது. கேரட் இலையைப் போலப் பிளவுபட்ட இலைகளைக் காட்டி, பூக்காத இளஞ்செடிகளையும் அடையாளம் காணக் கற்றுத் தந்தார்கள். தொட்டால் தோல் அழற்சியும், மகரந்தத்தைச் சுவாசித்தால் மூச்சுத்திணறலும் வரக்கூடும் என்பதால், மழைக்குப் பின் மண் இளகியிருந்த வேளையில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வேர் அறுந்துவிடாமல் பிடுங்கினார்கள். ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும் என்பதை உணர்ந்து, பூத்தவற்றை முதலில் பையிலிட்டுக் கட்டியது மிகச் சரியான முடிவு. பயிரில்லாத வேலியோரத்தில் மட்டும், லிட்டருக்கு 200 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளித்தார்கள். கட்டணம் சற்று அதிகம்தான். ஆயினும், மீண்டும் முளைப்பவற்றை அடுத்த மழைக்குப் பின் வந்து பிடுங்குவதும் அதில் அடங்கும் என்பதால், தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.