மாதத்துக்கு ஒரு ஞாயிறு: விதைத் திருவிழாவா, இயற்கைச் சந்தையா, மாடித்தோட்டக் கூட்டமா?

மாதத்தில் எனக்கென்று மிஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மற்றவை கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலை என்று போய்விடும். அந்த ஒரு நாளை எங்கே கொடுப்பது என்று எட்டு வருடமாக மூன்று இடங்களுக்கு மாறி மாறி அலைந்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் விதைத் திருவிழா, வாராவாரம் கூடும் இயற்கைச் சந்தை, மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடும் தோட்டக்காரர்கள் கூட்டம். இப்போது நான் போவது மூன்றாவதற்கு. அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றிலும் பொதுவானதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்று இடத்திலும் துணிப்பை கொண்டு போக வேண்டும், மூன்று இடத்திலும் யாராவது ஒருவர் மைதாவைத் திட்டுவார், மூன்று இடத்திலும் சுக்குமல்லிக் காப்பி நன்றாக இருக்கும்.

சந்தையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊரில் ஞாயிறு காலையில் ஒரு மண்டப வாசலில் கூடிக்கொண்டிருந்தது. மரச்செக்கு எண்ணெய், தினை, சாமை, நாட்டுக் காய்கறி, பனங்கருப்பட்டி. வீட்டுக்கு வேண்டியதை வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. விளைவித்தவரின் கையிலிருந்தே வாங்குகிறோம் என்பதில் ஒரு நிம்மதியும் உண்டு. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் சிலர் பங்கேற்பு உத்தரவாதத் திட்டத்தின் அட்டையைக் காட்டுவார்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்த்துக்கொள்ளும் முறை அது. அட்டை இல்லாதவர்கள், “தோட்டத்துக்கு வந்து பாருங்க சார்” என்பார்கள். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

ஆனால் அங்கே நான் வெறும் வாடிக்கையாளன். பையை நிரப்பிக்கொண்டு ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கடைகள் பாதியாகும். மண்டபத்துக்காரரிடம் பேசுவது, மேசை போடுவது, வியாபாரிகளுக்குப் போன் அடிப்பது எல்லாம் இரண்டே பேர் தலையில். அதில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போனதும் வாராந்தரச் சந்தை மாதாந்தரமானது, அப்புறம் நின்றது. இன்னொரு சந்தை இப்போது வேறிடத்தில் நடக்கிறது. நன்றாக நடப்பதாகச் சொல்கிறார்கள். விற்பவர் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு சின்ன விவசாயிக்கு அந்த ஒரு காலை என்ன பெறும் என்று எடை போட என்னால் முடியாது.

திருவிழா வேறு ரகம். அதற்குக் கிட்ட வேறெதுவும் வராது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கு முதல்முறை மன்னார்குடி வழியாக பஸ் பிடித்துப் போன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, பூங்கார், குழியடிச்சான் என்று வரிசையாகக் கிண்ணங்களில் நெல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். காட்டுயானம் கதிரை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். என் தலைக்கு மேலே நின்றது. உள்ளே யானை புகுந்தால் தெரியாது என்பது சும்மா பேச்சில்லை என்று அன்றுதான் புரிந்தது. வெள்ளத்தில் முங்கினாலும் தாக்குப்பிடிக்கும் நெல், உப்புமண்ணில் விளையும் நெல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சுனாமியும் புயலும் பார்த்த கடலோர டெல்டாவில் இதெல்லாம் பழம்பெருமைக்காகச் சேர்த்து வைக்கிற பொருள் இல்லை.

2006-இல் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் அந்தத் திருவிழாவை நெல் ஜெயராமன் தொடங்கினார். பின்னால் நின்று தூண்டியவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமானபோது, 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் என்று பத்திரிகைகள் எழுதின. ரகங்களின் எண்ணிக்கையைவிட என்னைக் கட்டிப்போட்டது அவர் வைத்த கணக்கு. வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள். விளைந்ததும், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். காசு கிடையாது, பத்திரம் கிடையாது. கொடுத்த விதை வயலுக்குப் போனதா, பரணுக்குப் போனதா என்பது ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்.

என் சிக்கல் அங்கேதான். எனக்கு வயல் இல்லை. மூன்றாவது மாடியில் நாற்பது செடிப்பையும் ஆறு பழைய தண்ணீர் கேனும்தான். என்னைப் போன்றவர்கள் திருவிழாவுக்குப் போனால் பேச்சைக் கேட்கிறோம், படம் பிடிக்கிறோம், காய்கறி விதைப் பொட்டலம் வாங்குகிறோம். வாங்கிய விதைக்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. வேறொரு ஊர் விதைத் திருவிழாவில் ஆசைப்பட்டுப் பன்னிரண்டு பொட்டலம் வாங்கினேன். ஆடிப்பட்டம் தேடி விதைத்தேன். வெங்காயம் ஒன்றுகூட முளைக்கவில்லை. வெங்காய விதை ஒரு வருடத்தைத் தாண்டினால் நம்ப முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது, விற்றவர் சொல்லவுமில்லை. சுரை மட்டும் பந்தலை அடைத்துக்கொண்டு வந்தது. முதல் காயைக் கூட்டு வைத்த அன்று வீட்டில் எல்லாரும் ஒரு வாயோடு நிறுத்திவிட்டார்கள். அப்படியொரு கசப்பு. கசக்கும் சுரைக்காய் உடம்புக்கு ஆகாது, குக்கர்பிட்டசின் என்கிற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கூட்டைச் சட்டியோடு கொட்டினோம். இன்றுவரை எங்கள் வீட்டில் சுரைக்காயைப் பச்சையாக ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் அடுப்பேற்றுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

யாரிடம் போய்க் கேட்பது? பொட்டலத்தில் “நாட்டுச் சுரை” என்று மட்டும் இருந்தது. அடுத்த வருடம் போனால் அந்த இடத்தில் பனைவெல்லக் கடை.

அந்தக் கோபத்தோடுதான் ஒரு சிநேகிதரின் பேச்சைக் கேட்டு மாடித்தோட்டக் கூட்டத்துக்குப் போனேன். பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. பதினெட்டு பேர், இரண்டு பாய், ஒரு தாம்பாளத்தில் சுண்டல். நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால் தீப்பெட்டிகளும், கல்யாணப் பத்திரிகைக் கவரை வெட்டி ஒட்டிய சின்ன உறைகளும். ஒவ்வொன்றிலும் ரகம், எடுத்த மாதம், கொடுத்தவர் பெயர். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. விதை எடுப்பவர் பெயரை எழுதிவிட்டு எடுக்க வேண்டும். விளைந்தால் இரு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்துறைப்பூண்டிக் கணக்கேதான், மொட்டைமாடி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

என் சுரைக்காய்க் கதையைச் சொன்னேன். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லாருக்கும் அக்கா, சிரித்துவிட்டு, “தம்பி, அது நாட்டுச் சுரைதான். விதை எடுத்த கொடிக்குப் பக்கத்துல எங்கயோ பேய்ச்சுரை, அதான் கசக்குற காட்டுச் சுரை, பூத்திருக்கும். பூச்சி நம்மகிட்ட கேட்டுட்டா வருது?” என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு நடந்த உண்மையான பயிற்சி. தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே காய்த்துக்கொள்ளும். விதைக்கு விடுவது சுலபம். வெண்டையில் கொஞ்சம் கலப்பு வரும். சுரை, பீர்க்கு, புடல், பூசணி என்றால் பூச்சியை நம்பியே இருப்பவை, பக்கத்து வீட்டுக் கொடியோடு கலந்துவிடும். இந்த வருடம் நல்ல காயாக இருக்கும். அதன் விதையில் அடுத்த வருடம் வேறொன்று வரும்.

அதற்கு என்ன வழி? சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என்னை அவர் பந்தலடியில் நிற்க வைத்தார். சுரைப்பூ அந்தி சாயும்போதுதான் விரியும். மறுநாள் விரியப்போகிற பெண்மொட்டை, அடியில் விரல்நுனி அளவு பிஞ்சு இருக்குமே அதை, முதல் நாளே ஒரு காகித உறையால் மூடி நூல் கட்டிவிட வேண்டும். ஆண்மொட்டையும் அப்படியே. மறுநாள் அந்தியில் இரண்டையும் பிரித்து, ஆண்பூவின் இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் லேசாக ஒற்றி, திரும்பவும் மூடிக் கட்ட வேண்டும். பிஞ்சு பிடித்ததும் காம்பில் ஒரு சிவப்புத் துணிக்கிழிசல். அது விதைக்காய், யாரும் பறிக்கக் கூடாது. முற்றிக் காய்ந்து குலுக்கினால் சலசலக்கும்வரை கொடியிலேயே கிடக்கும். இதை மேடையில் பேசிக் கேட்டிருந்தால் நான் கொட்டாவி விட்டிருப்பேன். கையில் நூலைக் கொடுத்ததால்தான் மண்டையில் ஏறியது.

மூன்றில் எது என்று என்னைக் கேட்டால் நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: விதை திரும்பி வருகிறதா? விதை நகையைப் போலப் பூட்டி வைக்கிற சாமான் இல்லை. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அது உறைக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கும். சாம்பலில் புரட்டலாம், சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பலாம், சீசாவில் வறுத்த அரிசியோடு போட்டு மூடலாம். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். யாராவது விதைத்து, காய்க்கவிட்டு, மறுபடி எடுத்தால்தான் அந்த ரகம் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற கூட்டத்தில், தவறவிட்ட பட்டத்தைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். மாதாமாதம் அதே முகங்களைப் பார்க்க வேண்டியிருந்தால், “அந்தப் பீர்க்கு என்னாச்சு?” என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். வெட்கத்துக்காகவாவது விதைத்துவிடுவோம்.

எங்கள் கூட்டத்தில் ஆனி மாதம் முழுக்க முளைப்புச் சோதனைதான். டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு உறையிலிருந்தும் பத்து விதை, ஈரத்துணியில் சுருட்டி நாலைந்து நாள். ஏழு முளைத்தால் உறைமேல் டிக். நாலுக்குக் கீழே என்றால் அந்த ரகத்தை உடனே இரண்டு பேர் வீட்டுக்கு எடுத்துப் போய் விதைத்தாக வேண்டும். நான் போன திருவிழாக் கடைகளில் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. அன்றாட வியாபாரத்துக்கு நடுவில் அது நடக்காது என்பதும் நியாயம்தான்.

2020 ஊரடங்கில் எங்கள் பக்கம் திருவிழாவும் இல்லை, சந்தையும் இல்லை. கூட்டமும் இல்லைதான், ஆனால் டப்பா நடந்தது. ஒருவர் வீட்டுக் கேட்டில் மஞ்சப்பை தொங்கும். எடுத்துக்கொண்டு, தன் உறையைப் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக் கேட்டில் மாட்டுவார்கள். அந்த ஆடியில் யாரும் கடையில் விதை வாங்கவில்லை.

கூட்டத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் பாதி குட்மார்னிங் படங்கள். பஞ்சகவ்யா விற்க மட்டும் வருகிற ஒருவரைச் சமாளிப்பது தனி வேலை. தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் சண்டை போட்டதில் மூன்று பேர் தோட்டத்தையே விட்டார்கள். விதை எடுத்துப் போய்க் காணாமல் போனவர்கள் பட்டியல் நோட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. சுண்டல் கிண்டுவது எப்போதும் பெண்கள்தான் என்று ஒருமுறை பெரிய விவாதமே நடந்தது. அதன்பிறகு கூட்டம் நடக்கும் வீட்டு ஆண்தான் செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது, சுண்டலில் உப்பும் முன்னே பின்னே ஆகிவிட்டது.

இன்னொன்று, ஒரு ரகத்தை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று மார்தட்டுவது ஏமாற்று. நாற்பது பையில் நெல்லைக் காக்க முடியாது. ஆசைக்கு ஒரு தொட்டியில் பூங்கார் போட்டேன். குருவிகள் ஒரு காலையில் முடித்துவிட்டன. உங்களுக்கு அரை ஏக்கர் இருந்தால் நான் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு நெல் திருவிழாவுக்கு பஸ் ஏறுங்கள். புதிய ரகம் கண்ணில் படுவதும் அங்கேதான். எங்கள் டப்பாவில் இருக்கும் பாதி ரகம் யாரோ ஒருவர் ஏதோ ஒரு திருவிழாவிலிருந்து கொண்டுவந்ததுதான். அதனால் எங்கள் குழுவிலிருந்து வருடத்துக்கு இருவரைச் செலவு கொடுத்து அனுப்புகிறோம். சமையலுக்கு வேண்டியது வாங்க இன்னும் சந்தைதான்.

வருகிற கூட்டம் ரயிலடிப் பக்கம் ஒரு வீட்டில். நோட்டில் என் பெயருக்கு நேரே இரண்டு ரகம் பாக்கி நிற்கிறது. தக்காளியைப் போன வாரமே பிழிந்து, இரண்டு நாள் புளிக்க வைத்து, அலசி, வெள்ளைத் துணியில் காயப்போட்டுவிட்டேன். பீர்க்கு இன்னும் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. நுனியை ஒடித்துத் தட்டினால் விதை தானாகக் கொட்ட வேண்டும், நேற்று தட்டிப் பார்த்தேன், இரண்டுதான் விழுந்தது. அக்காவிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்க வேண்டும்.