வி.எம். எங்கே ஓட வேண்டும்: சொந்த மெஷினிலா, கிளவுடிலா?

கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் சின்ன டீம் எங்களுடையது, ஆபீஸ் பெருங்குடியில். விண்டோஸ் டெஸ்டிங்குக்கு வி.எம். (விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. ஆபீஸ் மெஷினில் ஓட்டுவதா, கிளவுடில் வாடகைக்கு எடுப்பதா என்பதில்தான் இழுபறி. கடைசியில் ஆபீஸ் மெஷின் என்று முடிவானது. நானும் அந்தக் கட்சிதான், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கதை முதலில். கிளவுடில் முன்பணம் இல்லை, எத்தனை மெஷின் வேண்டுமானாலும் எடுக்கலாம். சொந்த மெஷின் என்றால் ரேம் போட வேண்டும். இரண்டு விண்டோஸ் வி.எம். சேர்ந்து ஓட 32 ஜிபி இருந்தால் நிம்மதி. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் முடிகிற வேலை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் அப்போதைய நிலையை அப்படியே பதிந்து வைப்பது. இன்ஸ்டாலர் டெஸ்டிங் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. பழைய வெர்ஷன்மேல் புதியதைப் போட வேண்டும், பாதியில் கேன்சல் கொடுக்க வேண்டும், டேட்டாபேஸ் அப்கிரேடு நடுவில் கரண்ட் போனால் பில் நம்பர் தப்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மெஷின் பழைய நிலைக்கு வந்தாக வேண்டும். வி.எம். ஓட்டும் சாஃப்ட்வேரான விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட் எடுத்ததும் வி.எம்.முக்கு டிஸ்க்காக இருக்கும் ஃபைல் அப்படியே உறைந்துவிடும், அதற்குப் பின் எழுதுவதெல்லாம் தனி ஃபைலில் போகும். திரும்புவது என்றால் அந்தத் தனி ஃபைலைத் தூக்கிப் போடுவதுதான். ஓடும்போதே எடுத்தால் ரேமில் இருப்பதும் சேர்ந்து பதிவாகும். இன்ஸ்டாலரின் மூன்றாவது திரையில் நிறுத்தி எடுத்து வைத்தால், ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்கலாம். ‘பவர் ஆஃப்’ கொடுத்தால் கரண்ட் கட்டும் தயார்.

கிளவுட் ஸ்னாப்ஷாட் பொதுவாக டிஸ்குக்கு மட்டும். அதிலிருந்து புது டிஸ்க் உருவாக்கி, மாட்டி, பூட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். எப்போதாவது என்றால் பரவாயில்லை, நாள் முழுக்க இதே வேலை என்றால் டெஸ்டர் பாவம்.

தெர்மல் பிரின்டரும் இருக்கிறது. யுஎஸ்பியை நேராக வி.எம்.முக்குள் விட்டால் பில் அங்கேயே அடித்து வருகிறது. மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் கிளவுட் மெஷினுக்கு அதை மாட்டச் சுற்றுவழிகள் உண்டு, எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் கடைக்காரர்கள் சிலரிடம் விண்டோஸ் 7 வேறு இன்னும் ஓடுகிறது, 2020 ஜனவரியிலேயே சப்போர்ட் நின்றும்கூட. அமேசான் கிளவுடில் ரெடிமேடாகக் கிடைப்பது விண்டோஸ் சர்வர்தான், விண்டோஸ் 7 அல்ல.

ஆனால் பராமரிப்பு நம் தலையில். வி.எம்.முக்குள் ஃபைலை அழித்தாலும் வெளியே டிஸ்க் ஃபைல் தானாகச் சுருங்காது. ஸ்னாப்ஷாட்டை அழிக்கும்போது இரண்டு ஃபைலையும் ஒன்றாக்க வேண்டியிருப்பதால் எஸ்எஸ்டியில் காலி இடம் வேண்டும், நிரம்பிய பிறகு சுத்தம் செய்யலாம் என்றால் நடக்காது. ரிலீஸ் முடிந்ததும் பழையதை அழிப்பது எங்களிடம் கட்டாயம். ஓடும் நிலையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் கடிகாரமும் அந்த நாளுக்கே போய் நிற்கும். நேரம் சரியாகும்வரை இ-இன்வாய்ஸ் லாகின் அடம்பிடிக்கும், கோடில் பக் தேடிப் பயனில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் விண்டோஸின் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது, வேகம் குறையும்.

விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு இலவசம், கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்கை ஆபீஸில் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டும். இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து ஆபீஸுக்கும் இலவசம். எது பழக்கமோ அதை எடுங்கள்.

கிளவுட் ஜெயித்த இடமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பக்கமெல்லாம் தண்ணீரும் இருட்டுமாகக் கிடந்தபோது, ஊருக்குப் போயிருந்தவர்களால் கிளவுடில் இருந்ததைத் தொட முடிந்தது. ஆபீஸ் மெஷினில் இருந்தது ஆபீஸிலேயே இருந்தது. ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்க்கும் லோடு டெஸ்டிங்குக்கும் கிளவுட்தான் சரி என்று நினைக்கிறேன், நான் அதில் அதிகம் புழங்கியதில்லை என்பதால் அழுத்திச் சொல்லமாட்டேன்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் எடுப்பவர்களுக்கு ஒன்று: விண்டோஸுக்குள் ஷட் டவுன் கொடுத்தால் மீட்டர் நிற்காது. போர்ட்டலில் ஸ்டாப் கொடுத்து ‘டீஅலோகேட்டட்’ என்று காட்ட வேண்டும். டிஸ்குக்கான காசு அதன் பிறகும் ஓடும்.