மரப் பூச்சிப் பெட்டி: மூடி அருமை, அடித்தளம் மோசம்

நாகர்கோவிலில் கல்லூரி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், செத்த வண்டுகளை ஊசியில் குத்திச் சேகரித்து வைப்பதற்கான, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி இது. 18 × 12 அங்குலம், ஆழம் 2½.

மூடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளிம்பில் காகிதத் துண்டை வைத்து மூடிவிட்டு இழுத்தால் நாலு பக்கமும் வர மறுக்கிறது. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கோளாறு அடியில். தெர்மாகோல் ஒட்டி, கூடவே நாப்தலீன் உருண்டையும் தருகிறார்கள். இரண்டும் சேரவே கூடாது. உருண்டையைச் சுற்றித் தெர்மாகோல் கரைந்து குழி விழும், ஊசி ஆடும். ஆடினால் நீள்கொம்பு வண்டின் கொம்பு (உணர்கொம்பு) பக்கத்து வண்டில் இடித்து ஒடிந்துவிடும். தெர்மாகோலைச் சுரண்டிவிட்டு 10 மி.மீ. இ.பி.இ. (பாலிஎத்திலீன்) ஃபோமை இறுக்கமாக வெட்டிச் செருகுங்கள். பிய்த்தால் மணிமணியாக உதிர்வது தெர்மாகோல். அமுக்கி விட்டால் எழும்புவது இ.பி.இ.

பித்தளைக் குண்டூசி வேண்டவே வேண்டாம். வண்டின் கொழுப்பு பட்டுப் பச்சைக் களிம்பு பொங்கி உடலைப் பிளந்துவிடும். துருப்பிடிக்காத 38 மி.மீ. பூச்சி ஊசி வாங்குங்கள். எண் ஊசியின் தடிமனைக் குறிக்கும். மாமரத் துளைப்பான் என்ற பெரிய வண்டுக்கு 5ஆம் எண். இமயத்துப் பைன் காடுகளிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் மலர் நீள்கொம்பு வண்டுக்கு 2ஆம் எண் போதும். அதன் இறகுறை (இறகை மூடும் கெட்டியான முன்னிறகு) பின்பக்கம் குறுகிக்கொண்டே போகும். கீழே தள்ளிக் குத்தினால் கீறிவிடும். வலது இறகுறையில், தோளை ஒட்டிக் குத்துங்கள். கொம்பை உடலோடு சேர்த்துப் பின்னால் வளைத்துக் காய விடுங்கள்.

மலர் நீள்கொம்பு வண்டுகளில் ஸ்டிக்டோலெப்டூரா ரூப்ரா என்ற இனம் இருந்தால் ஜோடியைப் பிரிக்காதீர்கள். பெண் செக்கச் சிவப்பு. ஆணுக்கு மார்பு கறுப்பு, இறகுறை பழுப்பு மஞ்சள். தனித்தனி இனம் என்று லேபிள் எழுதிவிடுவது சகஜம்.

இந்த வண்டுகளின் மயிரில் மகரந்தம் ஒட்டியிருக்கும். எந்தப் பூவில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பூஞ்சை பிடித்தபின் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் அதுவும் போய்விடும். ஆகவே மூலையில் ஈரம் உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் 50 கிராம் வையுங்கள். இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள், அதில் நச்சுள்ள கோபால்ட் இருப்பதால், ஈரம் போக்கச் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம்.

கடையில் தெர்மாகோல் ஒட்டாத பெட்டியாகக் கேளுங்கள், சுரண்டும் வேலை மிச்சம்.