பத்மினியின் அடித்துரு: ஒட்டா, முழுத் துண்டா?

பிரீமியர் பத்மினி, அம்பாசிடர் கார்களுக்கு லாரிக்கு இருப்பது போன்ற தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் ரன்னிங் போர்டு, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் நீளப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் அது பெயிண்டரோடு முடிகிற வேலை அல்ல. கோவையில் எந்த டிங்கரிங் பட்டறைக்குப் போனாலும் இரண்டு வழிகள் சொல்வார்கள்: ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது, அல்லது அந்தப் பாகத்தையே வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டில் செய்து வைப்பது. என் பத்மினியின் இடது ரன்னிங் போர்டை முழுவதும் மாற்றினேன்; முன்சீட்டுக்குக் கீழே தரையில் ஒட்டுப் போட்டேன். இன்னொரு முறை செய்ய நேர்ந்தாலும், பெட்டி வடிவப் பாகம் எதுவானாலும் முழுத் துண்டுதான் என் தேர்வு.

செலவில் ஒட்டுதான் மலிவு, வண்டியும் சீக்கிரம் கைக்கு வரும். முழுத் துண்டென்றால் வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

விஷயம் பெட்டியின் உட்புறத்தில் இருக்கிறது. ரன்னிங் போர்டு என்பது வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்த மூடிய கூடு. கதவு ரப்பர் வழியாகவும் சக்கரம் வாரி இறைக்கும் நீராலும் உள்ளே ஈரம் போகும். அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வடிய வேண்டும். சென்னையின் உப்புக்காற்று நமக்கு இல்லைதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று செம்மண் புழுதியை எங்கெல்லாமோ திணித்துவிடும். போதாக்குறைக்கு, அடியில் தார் பூசுகிறவர்கள் வடிதுளைகளையும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் உள்ளே தங்கிய மண் நனைந்தால் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆகவே துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது. வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது ஸ்குரூடிரைவரால் குத்தினால் மறுபக்கம் போய்விடும்.

இந்த நிலையில் ஒட்டுப் போட்டால் என்ன ஆகும்? பழைய தகட்டின்மேல் புதுத் தகடு ஏறி உட்கார்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெல்டிங் சூட்டில் உட்புறம் மிச்சமிருந்த பெயிண்டும் கருகிவிடும். அந்த வெற்று இரும்புக்குப் பிரஷ் எட்டாது. அடுத்த ஓட்டை ஒட்டில் விழாது, ஒட்டின் ஓரத்தில் விழும். ஒட்டுக்கு மேல் ஒட்டு ஏறிய வண்டிகளை உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் பார்க்கலாம்.

முழுத் துண்டில் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுகிறோம். பெட்டி திறந்திருக்கும்போதே மண்ணைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, மூடப்போகும் இரு பக்கங்களுக்கும் பிரைமர் அடித்துவிட முடிகிறது; வெல்டிங் விழும் விளிம்புகளுக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர். மூடிய பிறகு ரப்பர் மூடி போட்ட ஒரு துளை வழியாக உள்ளே மெழுகெண்ணெய் தெளித்து, வருடந்தோறும் மழைக்கு முன் அதையே திரும்பச் செய்தால் போதும். ஒட்டுப் போட்ட பெட்டிக்குள் மெழுகெண்ணெய் தெளித்தாலும், அது சுரண்டாத மண்ணிலும் துருவிலும்தான் போய் விழும். பட்டறையில் வண்டியை விடும் முன்பே, பெட்டியை மூடுவதற்கு முன் நான் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

துண்டு எங்கே கிடைக்கும் என்பதுதான் மற்ற ஊர்களில் தலைவலி. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. அங்கிருந்து வெட்டியெடுத்த பாகம் கிடைத்தாலும் அது கடற்காற்றில் கிடந்த இரும்பு. துருவைக் காசு கொடுத்து வாங்குவது போலாகிவிடும். கோவையில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் தகடு வளைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்தால் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தகட்டில் நேர் மடிப்புகளை வளைத்துத் தருவார்கள். ஒரே ஒரு துண்டுக்காக ஓடுகிற வேலையை நிறுத்த அவர்களுக்கு மனம் வராது. சாப்பாட்டு நேரத்தை ஒட்டிப் போவது நல்லது. வளைவான முனைகளை டிங்கர் சுத்தியலால்தான் தட்டி எடுக்க வேண்டும்.

முழுத் துண்டின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ரன்னிங் போர்டை வெட்டியதும் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு பொருந்தாது. வெட்டும் முன் கதவு வாயில் சதுரக் குழாயை முட்டுக் கொடுத்து வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியின் எடை அதன் சஸ்பென்ஷன் மேல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முழுதும் முடியாமல் மறுபக்கத்தைத் தொடக் கூடாது. முட்டுக் கொடுக்காமல் கட்டர் எடுப்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள். கேஸ் வெல்டிங்கைவிட சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங்கில் சூடு குறைவாகப் பரவும், தகடு நெளிவதும் குறையும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், அருகில் வேலை என்றால் பெட்ரோல் டேங்கை இறக்குவதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒட்டுக்கும் இடம் உண்டு. சமதளமான தரைத்தகட்டில் மேலிருந்தும் கீழிருந்தும் கை எட்டும். அங்கே துருவை வெட்டியெடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டிங் செய்த ஒட்டு நன்றாகவே இருக்கிறது. ரிவெட் அடிப்பதும், ஃபைபர் ஒட்டுவதும், பள்ளம் நிரப்பும் பட்டி பூசுவதும் வேண்டாம். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் பிடிமானங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தாங்கும் தகட்டின் வலு துருவால் குறைந்திருந்தால் வண்டி தேறாது. எங்கே சமரசம் கூடாது என்பதற்கு நானும் அதையே அளவாக வைத்துக்கொண்டேன்.

எந்த வழியானாலும் சேஸிஸ் எண் பொறித்த தகட்டில் கட்டர் படக் கூடாது, ஆர்.சி. புதுப்பிக்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். 50 வயது தாண்டிய காரை 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று: சேஸிஸ், உடற்கூடு, எஞ்சினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. புதுத் துண்டு பழைய வடிவத்திலேயே இருக்கட்டும், வேலையின் படங்களையும் எடுத்து வையுங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் காட்டவும் அவை உதவலாம். நான் விற்றுப் பார்த்ததில்லை.

முன் சஸ்பென்ஷன் மாட்டும் பகுதியில் நான் கை வைத்ததில்லை. அங்கே அளவு சற்றுப் பிசகினாலும் சக்கரத்தின் கோணம் மாறி டயர் தேயும் என்பதால், ரன்னிங் போர்டில் கிடைத்த தைரியத்தை அங்கே காட்ட மாட்டேன். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கோ கணக்கே வேறு: அதற்குத் தனி சேஸிஸ் உண்டு, மேல் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டே வேலை பார்க்கலாம்.