ஏற்காட்டில் தோட்டக் காவலுக்கு ஏஜென்சி ஆளை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

மார்ச் முதல் வாரம் எங்கள் தோட்டத்துக் களத்திலிருந்து மூன்று மூட்டை மிளகு போய்விட்டது. காயவைத்துத் தூற்றி, மறுநாள் சேலத்துக்கு இறக்க வேண்டிய சரக்கு. மிளகுத் திருட்டு மலையில் புதிதல்ல. நான் எழுதுவது, காவலுக்கென்று மாதம் 22,000 ரூபாய் வாங்கிக்கொண்ட செக்யூரிட்டி ஏஜென்சியைப் பற்றி. அறுவடைக்கு ஆள் தேடும் தோட்டக்காரர்களும், டவுனில் அப்பார்ட்மெண்ட் சங்கம் நடத்துபவர்களும் தயவுசெய்து படியுங்கள்.

நாங்கள் இருப்பது கீழே சேலம் டவுனில், அழகாபுரத்தில். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க முடியாது என்றுதான் ஏஜென்சிக்குப் போனேன். சுவரில் சிங்க முத்திரை போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. "எல்லாரும் எக்ஸ் சர்வீஸ்மேன் சார். ராத்திரி ஸ்டேஷன் ரோந்து வண்டி நம்ம தோட்டத்துப் பக்கம் வந்துட்டுப் போகும், சொல்லி வச்சிருக்கோம்" என்றார் உரிமையாளர். இரண்டு மாத முன்பணம் கொடுத்தேன்.

வந்த பெரியவர் காக்கி உடுப்பில் போலீஸ்காரர் போலவே இருந்தார். அதைப் பார்த்தே எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. திருட்டுக்குப் பிறகுதான் அவரோடு உட்கார்ந்து பேசினேன். வயது 71. ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அம்மாபேட்டையில் தறி ஓட்டியவர். ஒரு நாள் பயிற்சிகூடக் கொடுக்கவில்லை. மாற்று ஆள் வராததால் மூன்று வாரமாக இரவும் பகலும் அவரே நின்றிருக்கிறார். கைக்குக் கிடைப்பது 9,000. அன்றிரவு காய்ச்சலோடு பனியில் படுத்திருந்தவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

கோபம் மறுநாள் வந்த சூப்பர்வைசர் மேல். காய் பறிக்கும் இரண்டு பெண்களைக் குடோனில் உட்காரவைத்துப் பையைக் கொட்டி 'விசாரணை' நடத்திக்கொண்டிருந்தார். நான் போய்த்தான் வெளியே கூட்டி வந்தேன். வருஷக்கணக்காக எங்களோடு இருப்பவர்கள் அவர்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி: "அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கான்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. சுவரில் இருந்தவை ஜிஎஸ்டி பதிவும் சிறுதொழில் பதிவும்தான். ரோந்துக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஊருக்குப் போகும்போது நீங்களே எழுதிக் கொடுத்தால் பீட் போலீஸ் வந்து பார்ப்பார்கள், காசு கிடையாது என்றார். ஏஜென்சி ஆளுக்குச் சாதாரணக் குடிமகனைவிட ஒரு அதிகாரமும் இல்லை என்பதையும் அவர்தான் விளக்கினார். கண்ணெதிரே திருடுபவனைப் பிடித்து வைக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சந்தேகத்தின் பேரில் யாரையும் அடைத்து வைக்க முடியாது.

தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கென்று 2005-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி ஏஜென்சி வாங்க வேண்டிய உரிமத்தை, அந்தச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் (PSARA), தொழிலில் இருப்பவர்கள் பசாரா லைசென்ஸ் என்பார்கள். ஐந்து வருடம் செல்லும், அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு மட்டும், சில மாவட்டங்களுக்கு, மாநிலம் முழுமைக்கும் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். அதனால் சேலம் மாவட்டம் அதில் அடங்குகிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலுக்கு வருபவர் 18 வயதுக்கு மேல், 65-க்குள் இருக்க வேண்டும். அவர் பின்னணியைச் சரிபார்த்திருக்க வேண்டும். மத்திய மாதிரி விதிகள் சொல்லும் பயிற்சி 100 மணி நேரம் வகுப்பில், 60 மணி நேரம் நேரடியாக. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் குறைவு. புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். அப்புறம் அந்தக் காக்கி: போலீஸ் போலத் தோன்றும் சீருடை போடுவதும் போடவைப்பதும் அதே சட்டப்படி குற்றம்.

இழப்பீடு கேட்டதற்கு, களவுக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். முன்பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

திருட்டுக்கு எஃப்ஐஆர் போட்டாகிவிட்டது. ஏஜென்சி மேல் தனியாக மனு கொடுத்திருக்கிறேன். பெரியவருக்குப் பிப்ரவரி சம்பளம் இன்னும் வரவில்லை. அதையும் மனுவில் சேர்த்திருக்கிறேன்.