டர்பன் சாட்ஸ்வொர்த்ல ஒரு ஒர்க்ஷாப்: பிரேக் வேலைக்கு போயிடாதீங்க

முன் பக்க பிரேக் பேட் மாத்த கொரோலாவை விட்டேன், சாயங்காலம் எடுத்துட்டு ஹிக்கின்சன் ஹைவேல வரும்போதே டக் டக்னு சத்தம், பின்னாடி அம்மா வேற உக்காந்திருக்காங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. ஓரங்கட்டிப் பாத்தா ரெண்டு வீல் நட்டு வெறுங்கையாலயே சுத்துது! திரும்பிப் போய் கேட்டா "ரோடு மோசம் அண்ணே, அதான்"ங்கறார் ஓனர். வேற மெக்கானிக் கழட்டினப்போ பிரேக் பேடை அழுத்துற காலிப்பரோட போல்ட்டும் லூஸ், ஒரு பக்கம் தேஞ்சுபோன பழைய பேடே கெடக்கு. காசு வாங்கிட்டு உசுரோட வெளையாடறதா?

இங்க தென்னாப்பிரிக்காவுல 2008 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 57வது பிரிவுப்படி ரிப்பேர்ல போட்ட பார்ட்ஸுக்கும் கூலிக்கும் 3 மாசம் வாரண்டி உண்டு, பில்லுல "வாரண்டி கெடையாது"ன்னு சீல் குத்தியிருந்தாலும் அது செல்லாது. கழட்டின பழைய பார்ட்ஸையும் அவங்க எடுத்து வச்சு நம்மகிட்ட தரணும், கட்டாயம் கேளுங்க, மாத்தினாங்களா இல்லையான்னு அப்பவே தெரிஞ்சிடும். இதெல்லாம் எழுதி, வண்டி சம்பந்தமான புகாரை விசாரிக்கிற மோட்டார் ஆம்பட்ஸ்மன்கிட்ட போறேன்னு வாட்ஸ்அப்ல அனுப்பினப்புறம்தான் பணம் வந்துச்சு. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இல்ல.